மூத்த பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை, சமூக நலத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இடுப்பில் ஒரு பிள்ளையும் வயிற்றில் ஒரு பிள்ளையுமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துபோகும் பெண்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். நானும் அவர்களில் ஒருத்தி. மூத்தவனுக்கு ஒன்றரை வயது. எனக்கு இப்போது ஏழாம் மாதம். நான் கேட்க வந்தது ஒன்றுதான். கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாளில், கூட வரும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு இடம் வேண்டும், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். இது ஏதோ வசதிக்காகக் கேட்பது போலத் தோன்றலாம். அப்படி இல்லை, இது பரிசோதனையே ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காகக் கேட்பது. அதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லப் போகிறேன்.

உங்கள் துறை செய்கிற வேலையைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து பதிவு செய்கிறார். கர்ப்பத்தைப் பதிவு செய்ததற்கான பிக்மி எண் கிடைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் என்பதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் மீதி பணமாகவும் வருகிறது. அதுவும் முதல் இரண்டு பிரசவத்துக்கும். மூத்தவன் பிறந்தபோது இவை எல்லாம் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தன என்பதை நான் மறக்கவில்லை. இரண்டாவது முறை உண்டாகும் பெண்ணுக்கும் அரசு அதே பணம் தருகிறது, அதே மாத்திரை தருகிறது, அதே பரிசோதனைகளைச் செய்கிறது. ஆனால் அவள் தனியாக வருவாள் என்றே நினைத்துக்கொண்டு செய்கிறது.

வீட்டிலும் இதே கதைதான். தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு போட்டுத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அம்மா கையால் சாப்பாடு, மத்தியானத் தூக்கம், மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கேயே இருந்துவிட்டு வரலாம். இரண்டாவதற்குப் பல வீடுகளில் இதெல்லாம் இல்லை. "இரண்டாவதுதானே, உனக்குத் தெரியாததா?" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு எல்லாம் தெரியும்தான். ஆனால் தெரிந்திருப்பதால் முதுகு வலி குறைவதில்லை. முதல் முறை ஓய்வெடுக்க ஆள் இருந்தது, நேரம் இருந்தது. இப்போது பத்து கிலோ பிள்ளையைத் தூக்கி, இறக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, அவன் பின்னால் ஓடி, இரவில் அவன் எழும்போதெல்லாம் நானும் எழுந்து, இத்தனைக்கும் நடுவில்தான் இந்தக் கர்ப்பம் வளர்கிறது. பகலில் இரண்டு மணி நேரம் இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்கிறார்கள். சொல்லும் சிஸ்டருக்கும் தெரியும், கேட்கும் எனக்கும் தெரியும், நடக்காது என்று.

சரி, வீட்டுக் கதையை வீட்டிலேயே பேசிக்கொள்கிறோம். உங்கள் கையில் இருப்பது செவ்வாய்க்கிழமை. எங்கள் பகுதியில் அன்றுதான் கர்ப்பிணிகளுக்கான நாள்.

அன்று நடக்கும் குளுக்கோஸ் பரிசோதனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு என்று கணக்கு. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய பரிசோதனை வீண், இன்னொரு நாள் வர வேண்டும். நாட்டிலேயே முன்னோடியாக, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்யத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. அதுவும் ஒரு முறையோடு முடிவதில்லை, மாதம் கூடக் கூட மறுபடியும் செய்கிறார்கள். நல்ல விஷயம். சர்க்கரையைக் கண்டுபிடிக்காமல் விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்னென்ன ஆகும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இதே பரிசோதனையை ஒன்றரை வயதுப் பிள்ளையோடு செய்து பாருங்கள். தம்ளரைக் கண்டதும் அவனுக்கும் அது வேண்டும். இனிப்பு என்று எப்படித்தான் தெரியுமோ. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குடிக்கிறேன், அவன் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக் கத்துகிறான். அந்தக் குமட்டலில் ஒரு குலுக்கு குலுக்கினால் போதும், அத்தனையும் வெளியே வந்துவிடும். அதன் பிறகு இரண்டு மணி நேரம். எங்கள் நிலையத்தில் உட்கார இரும்பு பெஞ்சு உண்டு, மின்விசிறி உண்டு. கதவு திறந்தபடி இருக்கும், வெளியே இறங்கினால் ரோடு. உள்ளே போனால் மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் வாளி, சிவப்பு வாளி. நடக்கப் பழகிய பிள்ளைக்கு அந்த இடத்தில் அந்த வாளிகளைவிட அழகான பொருள் வேறு இல்லை. பயன்படுத்திய பஞ்சும் ஊசிக் குப்பையும் சேரும் இடம் அது. உட்கார்ந்து காத்திருக்க வேண்டிய அந்த இரண்டு மணி நேரத்தையும் நான் அவன் பின்னால் நடந்தே கழித்தேன்.

என் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள், ஐந்தாம் மாதம். அவளுடைய பெண் குழந்தை தூக்கத்துக்கு அழ ஆரம்பித்து, அழுது அழுது இருமலே வந்துவிட்டது. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். சிஸ்டர் வாசல் வரை போய், "இன்னும் கொஞ்ச நேரம்தானம்மா, ரத்தம் குடுத்துட்டுப் போயிடு" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. உங்கள் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்றோ 'ஒத்துழைக்கவில்லை' என்றோ இருக்கலாம். அவள் வந்தாள். பாதி நேரம் இருந்தாள். பிள்ளையைப் படுக்க வைக்க ஒரு பாய் இருந்திருந்தால் மீதி நேரமும் இருந்திருப்பாள்.

ரத்த அழுத்தமும் அப்படித்தான். ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்த பிறகுதான் அதைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. மடியில் பிள்ளை திமிறிக்கொண்டிருக்கும்போது, அல்லது அவனை ரோட்டிலிருந்து பிடித்து இழுத்து வந்த மூச்சிறைப்போடு, கையில் பட்டையைச் சுற்றினால் என்ன அளவு வரும்? கூடுதலாகத்தான் வரும். "பி.பி. ஏறியிருக்கே, இன்னொரு தடவை பார்க்கணும்" என்று உட்கார வைப்பார்கள். மறுபடியும் அதே கதை. பயந்துகொண்டே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அல்லது இதற்கு நேர்மாறாக, 'பிள்ளையோடு வந்ததால்தான் ஏறியிருக்கும்' என்று எல்லோரும் சமாதானம் சொல்லி, உண்மையிலேயே ஏறியிருக்கும் ஒருத்தியை விட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. எனக்கு அதுதான் அதிக பயம். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கும்போதுகூட, என்னைப் படுக்க வைத்துப் பக்கத்தில் அவனை நிறுத்தினால், அம்மாவுக்கு என்னமோ செய்கிறார்கள் என்று அவன் போடுகிற கூச்சலில் சிஸ்டருக்கு எது காதில் விழும்?

"பிள்ளையை வீட்டுல விட்டுட்டு வரக்கூடாதா?" என்று கேட்பார்கள். கோபத்தில் கேட்பதில்லை, அவர்களுக்கும் வேலை ஓட வேண்டும். "யாரும் இல்ல சிஸ்டர்" என்பதுதான் எங்களில் பலருடைய பதில். மாமியார் கூலி வேலைக்குப் போயிருப்பார். கணவர் வேறு ஊரில் வேலை பார்ப்பார். தனிக்குடித்தனம், பக்கத்து வீட்டில் ஒருவரையும் தெரியாது. இந்தப் பதிலைப் பிறகு யாரும் எங்கேயும் எழுதிக்கொள்வதில்லை. முந்தைய பிரசவம் சுகப்பிரசவமா சிசேரியனா, மூத்த பிள்ளை ஆணா பெண்ணா, பிறந்தபோது எடை என்ன, இதெல்லாம் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். மூத்த பிள்ளையைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், பிரசவத்தின்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதிவின்போது அந்த ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுங்கள். பதில் 'யாரும் இல்லை' என்றால், அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே வழி யோசிக்கலாம்.

பிள்ளையை விட இடமே இல்லையா என்றால், அங்கன்வாடி இருக்கிறது. ஆனால் நம் மாநிலத்தில் இரண்டு வயது முடிந்தால்தான் அங்கே உட்கார வைக்க முடியும். அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள், இடம் கிடையாது. அடுத்தடுத்து உண்டாகும் பெண்களின் மூத்த பிள்ளைக்கு அநேகமாக அந்த வயதுதான், இரண்டுக்குக் கீழே. நடக்கத் தெரியும், ஆபத்து தெரியாது. யாரிடமும் சொல்லிவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் சொன்னால் புரியாது.

அங்கன்வாடி ஆயாம்மாவின் தலையில் இதையும் கட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஏற்கெனவே சமையலும் கணக்கும் போதும் போதும் என்றிருக்கிறது. ஆனால் வழி இல்லாமல் இல்லை. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு விதி வைத்தார்கள். வேலை நடக்கும் இடத்துக்கு அம்மாக்களோடு ஐந்து சின்னப் பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், அந்தப் பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவே நியமிக்க வேண்டும், அவருக்கும் கூலி உண்டு. ஏரி வெட்டும் இடத்தில் பிள்ளைகள் வருவார்கள் என்று யோசித்துச் சட்டம் எழுதிய நாடு இது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் நிச்சயமாக வரும் இடமான கர்ப்பிணிகள் வரிசைக்கு மட்டும் அப்படி ஒரு யோசனை வராமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆளுக்கும் பஞ்சம் இல்லை. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, சுயஉதவிக் குழுப் பெண்களைத்தான் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினீர்கள். அதே போல அந்தந்த ஊர்க் குழுவிலிருந்து ஒரு பெண், வாரத்தில் ஒரு நாள், காலை முதல் மதியம் வரை, ஊதியத்தோடு. பெரிய அறை வேண்டாம். தாழ்ப்பாள் போட்ட ஒரு அறை, இரண்டு பாய், ஒரு தூளி மாட்டக் கொக்கி, குடிதண்ணீர், நாலைந்து விளையாட்டுச் சாமான். அம்மாவின் பெயரையும் வரிசை எண்ணையும் பிள்ளை சட்டையில் குத்திவிட்டால் போதும், கைமாறிப் போகாது.

அறை கிடைக்கும் வரை செலவே இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கைப்பிள்ளையோடு வருகிறவர்களை முதலில் கூப்பிட்டு, குளுக்கோஸை முதல் ஆளாகக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரக் கணக்கு அப்போதே ஓட ஆரம்பித்துவிடும். எடை, பி.பி., ரத்தசோகைப் பரிசோதனை எல்லாம் அந்த நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

இன்னொன்று. மூத்தவனுக்கு 16 மாதத்துக்கு மேல் போட வேண்டிய தடுப்பூசிகள் இருந்தன. தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊக்கத் தவணை. தடுப்பூசி நாள் புதன்கிழமை. ஆக, செவ்வாய் எனக்காக ஒரு முறை, மறுநாள் அவனுக்காக ஒரு முறை, அதே பஸ், அதே பெஞ்சு. கூலிக்குப் போகிற பெண்ணுக்கு இரண்டு நாள் சம்பளம் போகும். தடுப்பூசி மருந்தைத் திறந்தால் குறித்த நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், அதனால்தான் ஒரே நாளில் சேர்த்துப் போடுகிறார்கள் என்று செவிலியர் விளக்கினார். நியாயம்தான். அப்படியென்றால் கர்ப்பிணியைப் புதன்கிழமை பார்க்கலாமே. இரண்டாவது முறை உண்டாகி, மூத்த பிள்ளைக்கு ஊசி பாக்கி இருக்கும் பெண்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கொடுத்தால் கூட்டம் ஒன்றும் தலைகீழாகிவிடாது.

அப்புறம் இந்த இரும்புச்சத்து மாத்திரை. இதை நீங்கள் தயவுசெய்து உடனே கவனிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் என்று கொடுக்கிறீர்கள். சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடணும், டீ காபியோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதே, மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே, இதெல்லாம் சொல்லித் தருகிறார்கள். மாத்திரை சிவப்பு, மேலே சர்க்கரைப் பூச்சு. என் பிள்ளை அதைப் பார்த்ததும் "முட்டாய்" என்றுதான் கை நீட்டினான். சின்னப் பிள்ளை ஒரு கைப்பிடி விழுங்கினால் ரத்த வாந்தி, கல்லீரல் பாதிப்பு, உயிரே போகும் அளவுக்கு விஷம் அது. வீட்டில் நடமாடும் பிள்ளை இருக்கும் பெண்ணிடம் இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது, "பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வை, தவறி விழுங்கினால் வாந்தி வரும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வா" என்று கட்டாயம் சொல்ல வேண்டும். அட்டையிலும் பெரிதாக அச்சடிக்க வேண்டும். எனக்குச் சொல்லவில்லை, என்னோடு வரிசையில் நின்றவர்களுக்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

பால் கொடுக்கும் விஷயத்திலும் ஆளுக்கொரு பேச்சு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மூத்ததுக்குப் பால் கொடுத்தால் அதற்கு வயிற்றால் போகும், கருவுக்கும் ஆகாது என்று பெரியவர்கள் வேப்பிலையை அரைத்துத் தடவச் சொல்கிறார்கள். கொடுக்காவிட்டால் பிள்ளை சவலையாகிவிடும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். நிலையத்தில் ஒரு சிஸ்டர் நிறுத்து என்றார், இன்னொருவர் கொடு என்றார். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் கொடுக்கலாம், அம்மா கூடுதலாகச் சாப்பிட வேண்டும், குறைமாதப் பிரசவமோ ரத்தப்போக்கோ இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று மருத்துவர்தான் நின்று விளக்கினார். இரண்டு வயது வரை தாய்ப்பால் என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் இடத்தில் இதையும் பக்கத்தில் எழுதி வைக்கலாம். திடீரென்று பால் மறக்கடிக்கப்பட்ட பிள்ளை இரவெல்லாம் அழுவதைக் கேட்டவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இன்னும் ஒன்றைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பதிவு செய்யப் போனபோது என்னிடம் முதலில் கேட்டது, "அதுக்குள்ள அடுத்ததா?" என்றுதான். பத்துப் பேர் முன்னால். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எனக்குத் தெரியும். நெருக்கமாக உண்டானால் ரத்தசோகை வரும், குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்பதும் தெரியும். அந்தப் பேச்சுக்கு உரிய நேரம் முதல் பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நேரம். அப்போது பொறுமையாக உட்கார்ந்து, கணவரையும் மாமியாரையும் கூட வைத்துப் பேசுங்கள். உண்டான பிறகு வரிசையில் வைத்துக் கேட்டால் என்ன ஆகும்? அடுத்த வீட்டுப் பெண் இதைக் கேட்டுவிட்டு, தான் உண்டானதை மூன்று நான்கு மாதம் மறைப்பாள். 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று நீங்கள் பாடுபடுவது அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். இடைவெளி குறைந்து உண்டானவள்தான் எல்லோருக்கும் முன்னால் வர வேண்டியவள், எல்லோரையும்விட அடிக்கடி வர வேண்டியவள். அவளை வெட்கப்பட வைத்து அனுப்பாதீர்கள்.

கடைசியாகப் பிரசவம். எனக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது, அதனால் என் மனதில் இப்போது ஓடுவதெல்லாம் இதுதான். பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை கூட இருக்கலாம் என்று நம் அரசு மருத்துவமனைகளில் வழி செய்திருக்கிறீர்கள். மூத்தவன் பிறந்தபோது என் அம்மா கூடவே இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஏற்பாட்டுக்காக நான் உங்களுக்கு என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். இந்த முறையும் துணை என் அம்மாதான். மூத்தவன் இருக்கப்போவதும் அதே அம்மாவிடம்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு வலி எடுத்து 108-இல் ஏறினால், அம்மா என்னோடு உள்ளே வருவாரா, அவனை வைத்துக்கொண்டு வெளியே நிற்பாரா? சுகப்பிரசவம் என்றால் மூன்று நாள், சிசேரியன் என்றால் ஏழு நாள் வார்டில் இருக்க வேண்டும். பிள்ளைகளை வார்டுக்குள் விடுவதில்லை. தொற்று வந்துவிடும் என்ற காரணம் சரியானது, அதை நான் மறுக்கவில்லை. அதே சமயம், பிறந்ததிலிருந்து ஒரு இரவுகூட அம்மாவைப் பிரியாத பிள்ளை அத்தனை நாள் அவளைக் காணாமல் இருக்கிறது. காய்ச்சல், சளி இல்லாத பிள்ளை என்று பார்த்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, தினமும் ஒரு அரை மணி நேரம் வராந்தாவில் அம்மாவோடு இருக்க விடலாம். பிரசவ அறைக்குப் பக்கத்தில், துணைக்கு வந்தவர் பிள்ளையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு உள்ளே வர ஒரு ஏற்பாடு இருக்கலாம். சிசேரியன் ஆன பெண்ணை வீட்டுக்கு அனுப்பும்போது, "கனமானதைத் தூக்காதே" என்று பொதுவாகச் சொல்லி அனுப்புகிறீர்கள். மூத்த பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று கூட வந்தவர்களிடம் நேரடியாகச் சொல்லி, அவனை எப்படி உட்கார்ந்தபடியே மடியில் வாங்கிக்கொள்வது என்றும் காட்டி அனுப்புங்கள்.

எல்லா நிலையத்திலும் ஒரே நாளில் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு மாவட்டத்தை எடுத்து, செவ்வாய்க்கிழமைக் கூட்டம் அதிகமாக இருக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். குளுக்கோஸ் பரிசோதனையை முடிக்காமல் போனவர்கள் முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்று உங்கள் பதிவேட்டிலேயே எண்ணிவிடலாம். எங்கள் நிலையத்திலும் தொடங்குவதாக இருந்தால், பாயும் பழைய விளையாட்டுச் சாமான்களும் கொண்டுவந்து கொடுக்க எங்கள் தெருப் பெண்கள் தயாராக இருக்கிறார்கள். நானே கேட்டுவிட்டேன். இதே மடலைக் கையெழுத்து வாங்கி எங்கள் மாவட்ட சுகாதார அலுவலகத்திலும் கொடுக்கப் போகிறோம்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்கும் ஒரு தாய்